இம்மொபிலைசர்: முடக்கியா, பூட்டா?

காரைக்குடியில் வண்டிக்கு டிராக்கர் மாட்டப் போனேன். கடைத் தம்பி கேட்ட முதல் கேள்வி, "வெறும் ஜிபிஎஸ் போதுமாண்ணே, கட்டாஃபோட வேணுமா?" புதுவயல் அரிசி ஆலைகளுக்கு வந்துபோகும் லாரிக்காரர்களும் கட்டாஃப் என்றுதான் சொல்கிறார்கள். வண்டியை யாராவது களவாடினால் கைப்பேசியிலிருந்தே என்ஜினை ஓடவிடாமல் செய்யும் கருவி அது. பெட்டிமேல் அச்சாகியிருந்த பெயரோ இம்மொபிலைசர். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினேன். ஒரு சொல்லுக்கு மூன்று சொற்களைக் கிளற வேண்டியதாயிற்று.

முதலில் ஜிபிஎஸ். இது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் செயற்கைக்கோள் அமைப்பு. முதல் கோள் 1978-இல் ஏறியது, 1995-இல் அமைப்பு முழு அளவில் வேலைக்கு வந்தது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தக் கோள்கள் நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். குறைந்தது 4 கோள்களின் சமிக்ஞையைக் கேட்டு, கருவி தான் இருக்கும் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். கோளுக்கு நம் வண்டி இருப்பதே தெரியாது. "மேல இருந்து பாத்துக்கிட்டே இருப்பான்" என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. இடத்தை நம் கைப்பேசிக்குச் சொல்லி அனுப்புவது உள்ளே இருக்கும் சிம் கார்டு. அதன் ரீசார்ஜ் முடிந்துவிட்டால் வண்டி எங்கே நிற்கிறது என்பது அந்தப் பெட்டிக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். ஆகவே புவியிடங்காட்டி என்ற சொல் பிழையில்லை, ஆனால் பாதிக் கருவிக்குத்தான் பொருந்தும்.

மீதிப் பாதிக்குத்தான் டிராக்கர் என்று பெயர். இதற்குத் தமிழில் திண்டாட்டமே இல்லை. தடம் என்றால் காலடிச் சுவடு, போன வழி. பேருந்துக்கு வழித்தடம் சொல்கிறோமே, அதே தடம். தடங்காட்டி என்று சொன்னால் யாருக்கும் விளங்கும். ஆனால் எனக்கு இதைவிடப் பிடித்த சொல் துப்பு. அந்தக் காலத்தில் மதுரைப் பக்கம் மாடு களவு போனால், அது இருக்கும் இடத்தைச் சொல்பவருக்குத் துப்புக்கூலி கொடுத்து மீட்பார்கள். இப்போது டிராக்கருக்கு ஆண்டுச் சந்தா கட்டும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வருகிறது.

இனி இம்மொபிலைசர். லத்தீனில் மோவேரே என்றால் நகர்த்து, மொபிலிஸ் என்றால் நகரக்கூடியது. முன்னால் வரும் இம், இல்லை என்று மறுக்கிறது. நகர முடியாமல் ஆக்குவது என்பது நேர்ப்பொருள். எலும்பு முறிந்த கையை மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைப்பதற்கும் மருத்துவர்கள் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். வண்டியைப் பொறுத்தவரை எனக்குத் தெரிந்த சுவையான இடம் 1940-ஆம் ஆண்டு பிரிட்டன். ஜெர்மன் படை வந்திறங்கினால் தெருவில் நிற்கும் கார்களை எடுத்துக்கொண்டு போய்விடும் என்று பயந்து, ஆளில்லாமல் நிறுத்தும் கார்களை இப்படிச் செயலிழக்க வைக்கவேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டரைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போவது அதற்கு ஒரு வழி. அது இல்லாவிட்டால் பிளக்குகளுக்கு மின்சாரம் போகாது.

எங்கள் ஐயாவும் இதைத்தான் செய்வார். அம்பாசிடரை முகப்புக்கு வெளியே நிறுத்தினால், பானட்டைத் திறந்து ரோட்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பட்டாலையில் வந்து உட்கார்வார். ஒருமுறை சட்டை வெளுக்கப் போய்விட்டது. காரும் இரண்டு நாள் அப்படியே நின்றது.

பின்னாளில் சாவிக்குள் சில்லு வந்தது. சாவியின் ரகசிய எண் பொருந்தாவிட்டால் என்ஜின் கிளம்பாது. ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயம். இன்று கடையில் மாட்டும் கட்டாஃப் அதே வேலையைத் தொலைவிலிருந்து செய்கிறது.

சரி, தமிழ்ச் சொல்? பலர் முடக்கி என்கிறார்கள். சொல்லிலிருந்து சொல்லுக்குத் தாவினால் இதுதான் வரும். ஆனால் கட்டாஃப் போட்ட வண்டி முடங்கிவிடுவதில்லை. நியூட்ரலில் போட்டுத் தள்ளலாம், ரெக்கவரி வண்டியில் ஏற்றியும் போகலாம். உண்மையில் ஆங்கிலச் சொல்லே கொஞ்சம் மிகை. ஜெர்மன்காரர்கள் வெக்ஃபார்ஷ்பெர்ர என்கிறார்கள், ஓட்டிக்கொண்டு போய்விடுவதற்குத் தடை என்று பொருள். அது நேர்மையான பெயர். அப்புறம், செட்டிநாட்டில் முடக்கம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வண்டியல்ல, பணம்.

தேர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முட்டுக்கட்டை என்று சொல்ல ஆசை வரும். பிள்ளையார்பட்டியிலும் குன்றக்குடியிலும் தேர்ச் சக்கரத்தின் கீழே கட்டை கொடுத்து, நிறுத்தவும் திருப்பவும் செய்கிறவர்களின் லாவகமே தனி. அழகான சொல், ஆனால் இங்கே ஆபத்தான சொல். அது ஓடுகிற தேரை நிறுத்துவது. கட்டாஃபை அப்படி நினைக்கக் கூடாது. ஓட்டத்தில் என்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங் கனத்துப்போகும், சில முறை மிதித்த பிறகு காரின் பிரேக் மிதி இறுகி, மிதிக்கவே கடினமாகிவிடும். திருடன் மட்டுமா அடிபடுவான்? எதிரே சைக்கிளில் வருகிறவரும்தான். அதனால் நல்ல கருவிகள் கட்டளை வந்ததும் பாயாமல், வண்டி நிற்கும் வரையோ வேகம் நன்றாகக் குறையும் வரையோ காத்திருக்கும். மாட்டும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இது.

நான் வந்து நின்ற சொல் பூட்டு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாட்டுவண்டிக் காலத்தில் "வண்டியைப் பூட்டு" என்றால் கிளம்பத் தயார் செய் என்று பொருள், நுகத்தில் காளைகளைச் சேர். இன்று அதே வாக்கியம் நிறுத்திவிட்டு வா என்கிறது. பூட்டுதல் என்றால் அடிப்படையில் இணைத்தல். ஏர் பூட்டுவது, வில்லில் நாண் பூட்டுவது, நகரத்தார் கல்யாணத்தில் திருப்பூட்டுவது எல்லாம் இணைப்பதுதான். கதவையும் நிலையையும் இணைப்பதால் அதுவும் பூட்டு.

கட்டாஃபுக்குள் நடப்பது நேர்மாறு. எரிபொருள் பம்ப்புக்குப் போகும் ஒயரை வெட்டி, நடுவில் ஒரு ரிலேயை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை, வைக்கிறார்கள். சாதாரண நேரத்தில் அதன் முனைகள் ஒட்டியே இருக்கும், கருவி பழுதானாலும் வண்டி ஓடவேண்டும் அல்லவா. கைப்பேசியிலிருந்து கட்டளை வந்தால் ரிலேயின் சுருளில் மின்சாரம் பாய்ந்து முனைகள் விலகும், பம்ப் நிற்கும். இணைப்பைப் பிரித்துப் பூட்டுகிற பூட்டு இது. லாரிக்கு 24 வோல்ட் ரிலே வேண்டும். கார் ரிலேயை மாட்டிவிட்டால் சுருள் சூடேறிக் கருகும். 

ஆக, சாவியில் சில்லோடு வருவது இயக்கப் பூட்டு. கைப்பேசியிலிருந்து போடுவதற்குத் தொலைப்பூட்டு என்று சுருக்கமாக ஒன்றை உருவாக்கி, பெருமையாகக் கடைத் தம்பியிடம் சொன்னேன். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "தொலைப்பூட்டா? பூட்டே தொலைஞ்சு போச்சுன்னுல்ல நெனைப்பாங்க! இயக்கப் பூட்டே இருக்கட்டும்ணே." பில்லில் என்னமோ கட்டாஃப் என்றுதான் எழுதிக் கொடுத்தார்.