பிளக்கைப் பிடுங்கும் முன் ரவுட்டரின் லாகைப் பாருங்கள்

இரவு ஒன்பது மணி தாண்டினால் வைஃபை போய்விடுகிறது என்று ஒருவர் போன் செய்தார். ரவுட்டரில் நிறுவனம் கொடுத்த ஃபர்ம்வேருக்கு (கருவிக்குள் ஓடும் மென்பொருளுக்கு) பதில் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்ற திறமூல ஃபர்ம்வேரைப் போட்டிருந்தார். "அண்ணா, மூணு தடவை அழிச்சுட்டுப் புதுசா போட்டாச்சு. பழைய வெர்ஷனும் போட்டுப் பார்த்துட்டேன். அதே கதைதான்." குரலில் அலுப்பு தெரிந்தது. அடுத்த முறை போகும்போது எதையும் தொடாதீர்கள், அணைக்காதீர்கள், அப்படியே விட்டுவிட்டு என்னைக் கூப்பிடுங்கள் என்றேன்.

மறுநாள் இரவு கூப்பிட்டார். கணினியைக் கேபிளில் இணைத்து, ரவுட்டரின் நிர்வாகப் பக்கமான லூசியைத் திறக்கச் சொன்னேன். முதல் பக்கத்திலேயே அப்டைம் என்று ஒரு வரி இருக்கும். ரவுட்டர் எவ்வளவு நேரமாக அணையாமல் ஓடுகிறது என்பதைக் காட்டும் வரி அது. "ஆறு நிமிஷம்னு காட்டுது" என்றார். ஆனால் காலையிலிருந்து அவர் ரவுட்டரைத் தொடவே இல்லை.

அப்புறம் சிஸ்டம் லாக், அதாவது நடப்பதையெல்லாம் ரவுட்டர் நேரத்தோடு குறித்துவைக்கும் பதிவு. மேலே உள்ள வரிகளில் பதினொரு நாளுக்கு முந்தைய தேதி. கொஞ்சம் கீழே வந்ததும் சட்டென்று அன்றைய தேதிக்குத் தாவியது. "கடிகாரம் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். கெடவில்லை. வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலானவற்றில் பேட்டரி வைத்த கடிகாரமே கிடையாது. மின்சாரம் வந்ததும் நேரம் தெரியாமல், அமைப்புக் கோப்புகளிலேயே கடைசியாக மாற்றிய கோப்பின் தேதியை எடுத்துக்கொண்டு எழும். இணையம் கிடைத்தபின்தான் சரியான நேரத்தைக் கேட்டு வாங்கும். லாகில் தேதி இப்படித் தாவினால், அதற்குச் சற்று முன்புதான் ரவுட்டர் அணைந்து எழுந்திருக்கிறது என்று பொருள். அவர் கடைசியாக அமைப்பை மாற்றியதும் பதினொரு நாளுக்கு முன்புதான்.

ஆக, வைஃபை போகவில்லை. ரவுட்டரே அணைந்து அணைந்து எழுந்துகொண்டிருந்தது. அடாப்டரின் லேபிளைப் படிக்கச் சொன்னேன்: 12 வோல்ட், 1 ஆம்பியர். ரவுட்டரின் அடியில் இருந்த லேபிளில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர். எப்போதோ வீட்டைத் துடைக்கும்போது வேறு ஏதோ கருவியின் அடாப்டர் இங்கே மாறி வந்திருக்கிறது. பகலில் சும்மா இருக்கும்போது அந்த மின்சாரம் போதும். இரவில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பயன்படுத்த, இரண்டு ரேடியோவும் முழு மூச்சாக வேலை செய்ய, யு.எஸ்.பி.யில் மாட்டிய ஹார்டு டிஸ்க்கும் சுழல, தாங்காமல் விழுந்துவிடுகிறது. சரியான அடாப்டர் கிடைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. அடாப்டர் மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், முனையின் பிளஸ் மைனஸ் திசையும் ஒத்துப்போக வேண்டும்.

இந்தக் கதையை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. என்னிடம் வரும் புகார்களில் பாதிக்கு மேல், வருவதற்கு முன்பே சாட்சியம் அழிந்திருக்கும். இந்த ஃபர்ம்வேரில் லாக் ரவுட்டரின் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய நொடியில் அது போய்விடும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் ஏன் கெட்டது என்பது அதோடு போயிற்று. அடிக்கடி தொல்லை வரும் வீடுகளில், எப்போதும் ஓடும் ஒரு கணினியில் லாக் வாங்கும் நிரலை ஓடவிட்டு, ரவுட்டரின் லாக் அங்கேயும் போய்ச் சேரும்படி அமைத்துவிடுகிறேன். சிஸ்டம் பக்கத்தின் லாகிங் பகுதியில் அந்தக் கணினியின் முகவரியைக் கொடுத்தால் போதும்.

இப்படி உள்ளே எட்டிப் பார்க்க முடிவதே பெரிய வசதி. 2002இன் கடைசியில் வந்த லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பது தெரியவந்து, மென்பொருளோடு மூலநிரலையும் தர வேண்டும் என்கிற ஜி.பி.எல். உரிமத்தின்படி அதை நிறுவனம் 2003இல் வெளியிட்டது. அதிலிருந்து 2004இல் தொடங்கியதுதான் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. திட்டம். பெயரில் இருக்கும் மூன்று எழுத்தும் அந்த ரவுட்டரின் எழுத்துதான்.

சரி, அப்டைம் பல நாளாக ஓடுகிறது, ஆனாலும் இணையம் இல்லை. அதே முதல் பக்கத்தில் வேன் (வெளி இணையப் பக்க) இணைப்பு எத்தனை நேரமாக இருக்கிறது என்றும் காட்டும். அது சில நிமிடம்தான் என்றால் தொல்லை வெளி லைனில், அல்லது இணைய நிறுவனம் கொடுத்த மோடத்தில். அதுவும் நீண்ட நேரமாக இருக்கிறது, ஒரே ஒரு போனுக்கு மட்டும் போய்ப்போய் வருகிறது என்றால் வைஃபை பக்கம் தேட வேண்டும். இந்த மூன்றையும் பிரித்துவிட்டாலே முக்கால்வாசி வேலை முடிந்தது.

வேன் பக்கம் நான் அடிக்கடி பார்ப்பது முகவரி மோதல். மோடமும் 192.168.1.1, புதிதாக ஃபிளாஷ் செய்த, அதாவது ஃபர்ம்வேர் ஏற்றிய ரவுட்டரும் 192.168.1.1. பாக்கெட் (தரவின் சிறு பொட்டலம்) எந்தப் பக்கம் போவது என்று ரவுட்டருக்கே தெரியாது. ரவுட்டரின் லேன் (வீட்டுப் பக்க) முகவரியை 192.168.2.1 என்று மாற்றினால் தீர்ந்துவிடும். இதற்குப் போய் மூன்று நாள் ஃபர்ம்வேரைச் சந்தேகப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது பிங், அதாவது எதிர்முனை பதில் தருகிறதா என்று தட்டிப் பார்ப்பது. 1.1.1.1 என்ற எண்ணுக்குப் பதில் வருகிறது, தளத்தின் பெயரைக் கொடுத்தால் வரவில்லை என்றால், பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் டி.என்.எஸ்.ஸில் கோளாறு. இங்கே மேலே சொன்ன கடிகாரம் மறுபடி வரும். டி.என்.எஸ். கேள்விகளை மறையாக்கி அனுப்பும் வசதியைப் போட்டிருந்தால், எதிர்முனையின் சான்றிதழைச் சரிபார்க்க ரவுட்டருக்குச் சரியான தேதி வேண்டும். சரியான தேதி வாங்க நேர சர்வரின் பெயரை டி.என்.எஸ்.ஸில் தேட வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றது இல்லை. மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் இணையம் வராத வீட்டில் இதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். நேர சர்வர்களில் ஒன்றைப் பெயராக இல்லாமல் எண் முகவரியாகக் கொடுத்துவைத்தால் முடிச்சு அவிழும்.

இன்னொன்று, சில தளங்கள் திறக்கும், சில பாதியில் நிற்கும். பிங் எல்லாம் போகும். பி.பி.பி.ஓ.இ. (பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணையும் முறை) இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு வருவது. அந்த முறை ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500 பைட் என்ற அளவு 1492 ஆகச் சுருங்குகிறது. ஃபயர்வாலில் வேன் பகுதிக்கு, பெரிய பாக்கெட் வழியில் சிக்காமல் அளவைக் குறைக்கும் எம்.எஸ்.எஸ். கிளாம்பிங் என்ற குறி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தானாகவே போட்டிருக்கும். சொந்தமாகப் புதுப் பகுதி உருவாக்கியவர்கள்தான் விட்டுவிடுகிறார்கள்.

வைஃபைக்கு வருவோம். புதிதாக ஃபிளாஷ் செய்ததும் வைஃபையே தெரியவில்லை என்று பதறுகிறவர்கள் நிறைய. பெரும்பாலான ரவுட்டர்களில் இந்த ஃபர்ம்வேர் வைஃபையை அணைத்துவைத்தே வரும். கேபிள் வழியாக உள்ளே போய் நாம்தான் போட வேண்டும். அப்போதே ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்டையும் வைத்துவிடுங்கள், ஏனென்றால் அதுவும் வெறுமையாகத்தான் வரும். வெளியூர் போகும்போது வசதியாக இருக்கட்டும் என்று லூசியை வெளி இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். வீட்டுக்குள் வர வி.பி.என். என்ற மறையாக்கிய பாதை இருக்கிறது.

ஐந்து கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் ரீஸ்டார்ட் செய்தபின் ஒரு நிமிடம் காணாமல் போய், பிறகு தானே வருகிறதா? அது பழுதே இல்லை. 52 முதல் 64 வரையும் 100 முதல் 144 வரையும் உள்ள சேனல்களைப் பல நாடுகளில் ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அங்கே ரவுட்டர் ஒலிபரப்பும் முன் குறைந்தது 60 விநாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஐரோப்பாவில் வானிலை ரேடார் இருக்கும் 120, 124, 128 சேனல்களில் இது 10 நிமிடம். நடுவில் ரேடார் போல ஏதாவது கேட்டால் உடனே விலகி, 30 நிமிடம் அந்தச் சேனல் பக்கம் வரக் கூடாது. லாகில் 'டி.எஃப்.எஸ். ரேடார் டிடெக்டட்' என்று வரி விழும். விமான நிலையம், துறைமுகம் பக்கம் இருப்பவர்கள் 36 முதல் 48க்குள் ஒரு சேனலை நிரந்தரமாக வைத்துக்கொள்வது நல்லது. நாட்டுக் குறியீட்டை மாற்றிப் போட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் நாட்டில் அனுமதி இல்லாத அலைவரிசையில் ஒலிபரப்புவது குற்றம். அது இன்னொருவருடைய ரேடாரையும் குழப்பும்.

பழைய பிரிண்டரோ ஸ்மார்ட் பிளக்கோ மட்டும் சேர மறுத்தால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூ.பி.ஏ.2, டபிள்யூ.பி.ஏ.3 இரண்டும் கலந்த முறை சில பழைய கருவிகளுக்குப் பிடிபடாது. அவற்றுக்காக வீடு முழுவதையும் பழைய முறைக்கு இறக்க வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூ.பி.ஏ.2 மட்டும் வைத்து வேறு பெயரில் ஒரு வைஃபை உருவாக்கி, அவற்றை அங்கே தள்ளிவிடுங்கள். ஒரு ரவுட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ரோமிங்குக்கான 802.11ஆர் வசதியைப் போட்டிருந்தாலும் இப்படி நடக்கும். ஒரே ரவுட்டர் இருக்கும் வீட்டில் அது தேவையே இல்லை.

மென்பொருள் பக்கம் ஒரே ஒரு பழக்கத்தை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், விட்டுவிடுங்கள். சாஃப்ட்வேர் பக்கத்தில் எல்லாப் பேக்கேஜுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக அப்கிரேடு அழுத்துவது. போனில் செய்கிற மாதிரி நினைத்துச் செய்கிறார்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் மூல ஃபர்ம்வேர், படிக்க மட்டும் முடிகிற பகுதியில் இறுக்கி வைக்கப்பட்டிருக்கும். நாம் செய்யும் மாற்றமெல்லாம் மேலே ஓவர்லே என்ற சிறிய இடத்தில் விழும். ஒரு பேக்கேஜைப் புதுப்பித்தால் பழையது போகாது, அடியிலேயே இருக்கும். புதியது ஓவர்லேயை நிரப்பும். 16 எம்.பி. ஃபிளாஷ் சேமிப்பகம் உள்ள ரவுட்டரில் மிஞ்சுகிற இடம் கொஞ்சம்தான். அது நிரம்பியதும் அமைப்பை மாற்றி 'சேவ்' கொடுத்தாலும் பதியாது, ரீஸ்டார்ட் செய்ததும் பழையபடி ஆகிவிடும். பேக்கேஜும், லினக்ஸின் மையமான கர்னலும் பொருந்தாமல் ரவுட்டர் எழாமலே போவதும் உண்டு. புதிய பதிப்பு வேண்டுமானால் முழு இமேஜாக, அதாவது ஃபர்ம்வேரின் முழுக் கோப்பாகப் போடுங்கள்.

போடும் முன் ரவுட்டரின் அடியில் உள்ள லேபிளில் வன்பொருள் பதிப்பைப் படியுங்கள். ஒரே மாடல் பெயரில் பதிப்பு 1இல் ஒரு சிப்பும் பதிப்பு 3இல் வேறு சிப்பும் இருக்கும். நிறுவனத்தின் ஃபர்ம்வேரிலிருந்து முதல்முறை மாறும்போது ஃபேக்டரி இமேஜ், ஏற்கெனவே மாறிவிட்டவர்களுக்கு சிஸ்அப்கிரேடு இமேஜ். இறக்கிய கோப்பு கெடாமல் வந்ததா என்று காட்டும் எஸ்.எச்.ஏ.256 எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து, கேபிளில் இணைந்த கணினியிலிருந்து செய்யுங்கள். மிகப் பழைய பதிப்பிலிருந்து தாவுகிறவர்கள் பழைய அமைப்பை அப்படியே கொண்டுவர வேண்டாம். 2021இல் வந்த 21.02 பதிப்பில் பல ரவுட்டர்களுக்கு போர்ட்டுகளைக் கையாளும் முறையே மாறிவிட்டது.

அப்படியும் உள்ளே போக முடியவில்லையா? ஃபெயில்சேஃப் இருக்கிறது. கணினிக்கு 192.168.1.2 என்று நிலையான முகவரி கொடுத்து, லேன் போர்ட்டில் கேபிளை மாட்டி, ரவுட்டரைப் போடுங்கள். எழும்போது சிறிது நேரம் ஒரு விளக்கு வேகமாகச் சிமிட்டும். அந்த நேரத்தில் ரீசெட் பட்டனை அழுத்தினால் சிமிட்டல் இன்னும் வேகமாகும். அவ்வளவுதான், 192.168.1.1க்கு எஸ்.எஸ்.எச். (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் இணைப்பு) வழியாக ரூட் பெயரில் பாஸ்வேர்டு இல்லாமலே நுழையலாம். 'மவுண்ட் ரூட்' (mount_root) கட்டளை கொடுத்ததும் உங்கள் அமைப்புக் கோப்புகள் கைக்கு வரும். செத்துவிட்டது என்று என்னிடம் கொண்டுவந்த ஒரு ரவுட்டரில் நான் செய்தது நெட்வொர்க் கோப்பில் ஒரே ஒரு வரியைத் திருத்தியது மட்டும்தான். முகவரியில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது.

எல்லாம் செய்தும் முடியாமல் யாரிடமாவது உதவி கேட்கிறீர்கள் என்றால் மாடல், வன்பொருள் பதிப்பு, ஃபர்ம்வேர் பதிப்பு, தொல்லை நடந்த நிமிடத்தின் லாக் இவற்றைக் கொடுங்கள். கொடுக்கும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். அமைப்புக் கோப்புகளையும் சேர்த்துக் கொடுத்தால் கவனம்: வயர்லெஸ் கோப்பில் வைஃபை பாஸ்வேர்டும், நெட்வொர்க் கோப்பில் இணைய இணைப்பின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் மறைக்கப்படாமல் அப்படியே இருக்கும். பேக்கப் கோப்பிலும் இதே நிலைதான். அந்த வரிகளையும், உங்கள் வெளி ஐ.பி. முகவரியையும், கருவிகளின் மேக் முகவரிகளையும் (ஒவ்வொரு கருவியின் அடையாள எண்) நீக்கிவிட்டு அனுப்புங்கள்.