புல்வெட்டியில் நரம்பு தீர்ந்தால் கட்டுக்கம்பியைத் தேடாதீர்கள்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் திருநெல்வேலிச் சீமையில் புல் எழும்பும் வேகமே தனி. பெருமாள்புரம், மகாராஜநகர் காலி மனைகளில் முழங்கால் உயரத்துக்குப் புதர் மண்டிவிடும். களக்காட்டுப் பக்கம் வாழைத் தோட்டங்களில் கோரையும் அருகும் வரப்பையே மறைத்துவிடும். பள்ளி மைதானமோ, கோவில் வளாகமோ, வீட்டுக் கொல்லையோ, பாம்புக்குப் பயந்தாவது புல்லை வெட்டியாக வேண்டும். மார்கழி பிறந்தால் பாளையங்கோட்டையில் இருக்கும் என் பட்டறைக்கு மின் புல்வெட்டிகள் வரத் தொடங்கிவிடும். மோட்டார் ரீவைண்டிங்கும் மின்கருவிப் பழுதுபார்ப்பும் என் தொழில்.

அப்படி வருகிற கருவிகள் பலவற்றில் கோளாறு மோட்டாரில் தொடங்கியதே இல்லை. சுழலும் தலையிலிருந்து நீண்டு புல்லை அடித்து வெட்டும் நைலான் நரம்பு தீர்ந்துபோயிருக்கும். புதிதாகச் சுற்றத் தெரியாமலோ, சலித்துக்கொண்டோ, கைக்குக் கிடைத்ததை அந்த இடத்தில் செருகியிருப்பார்கள். சிலவற்றில் சென்ட்ரிங் வேலைக்கு வாங்கிய கட்டுக்கம்பி இருக்கும். சிலவற்றில் பழைய மோட்டார் சைக்கிளின் பிரேக் கேபிள். "அண்ணாச்சி, நரம்பு அடிக்கடி தேய்ந்துவிடுகிறது, கம்பி என்றால் கிடந்து உழைக்கும்" என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. கண்ணைக் காப்பாற்றுவதே அந்தத் தேய்மானம்தான்.

25 செ.மீ. வட்டத்தில் வெட்டுகிற சிறிய மின் புல்வெட்டியின் தலை நிமிடத்துக்குச் சுமார் 10,000 முறை சுற்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் நரம்பின் நுனி மணிக்கு 470 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கல்லிலோ காம்பவுண்டுச் சுவரிலோ பட்டால் நைலான் வளையும், தேயும், நுனி சிறு துணுக்காகத் தெறிக்கும். எடை குறைந்த அந்தத் துணுக்கின் வேகத்தைக் காற்றே விரைவில் அடக்கிவிடும். அதே அளவுள்ள இரும்புத் துண்டு நைலானைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு எடை. மேலும், கம்பி சுழலச் சுழல, தலையிலிருந்து அது வெளிவரும் துவாரத்தின் விளிம்பில் மடங்கி மடங்கி நிமிர்கிறது. கட்டுக்கம்பியைக் கையால் மடக்கி மடக்கி முறிப்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே? அதுவே அங்கே ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது. முறிகிற துண்டு எந்தத் திசையில் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெட்டுபவரின் காலில் பாயலாம், வேலிக்கு அப்பால் நிற்கிற குழந்தையின் முகத்திலும் பாயலாம்.

1971-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இந்தக் கருவியை உருவாக்கியவர் ஜார்ஜ் பல்லாஸ். கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகள் காருக்குக் காயமில்லாமல் அழுக்கை மட்டும் அடித்துக் கழற்றுவதைப் பார்த்தவருக்கு, மரத்தைச் சுற்றியுள்ள புல்லையும் அப்படி அடித்து எடுக்கலாமே என்று தோன்றியது. ஒரு தகர டப்பாவில் துளையிட்டு, மீன்பிடி நரம்பைக் கோத்துச் சுழற்றிப் பார்த்தார். அடித்தால் வளைய வேண்டும் என்பதே இந்தக் கருவியின் பிறவிக் குணம். அதை மாற்றி உலோகத்தைக் கோத்தவர்களால் நேர்ந்த ஆபத்து சிறியதல்ல. கையில் பிடித்து இயக்கும், புதர் வெட்டும் பிரஷ் கட்டர்களுக்கான, சங்கிலி போன்ற உலோகக் கண்ணிகள் கொண்ட வெட்டுத் தலைகளைச் சந்தையிலிருந்தே விலக்க 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஆணையிட்டது. நம் ஊரிலோ எஃகு ஒயர் வைத்த தலைகள் இணையக் கடைகளில் சாதாரணமாக விற்பனையாகின்றன. தயவுசெய்து வாங்காதீர்கள்.

கம்பி கூடாது என்பதைப் புரிந்துகொண்டவர்களும் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். நம் பக்கத்து விவசாயக் கருவிக் கடைகளில் எளிதில் கிடைப்பது பெட்ரோல் பிரஷ் கட்டருக்கான தடித்த நரம்புதான். அது 2.4 முதல் 3 மி.மீ. வரை இருக்கும். வீட்டில் பயன்படுத்தும் மின் புல்வெட்டிகள் பலவற்றுக்கு 1.2 முதல் 1.6 மி.மீ. நரம்பு போதும், சற்றுப் பெரிய கருவிக்கு 2 மி.மீ. நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலின் மேலோ கையேட்டிலோ அளவு போட்டிருக்கும். அது அழிந்துபோயிருந்தால் பழைய நரம்புத் துண்டைக் கடைக்கு எடுத்துப்போய் வெர்னியரில் அளக்கச் சொல்லுங்கள். தடித்த நரம்பைத் திணித்தால் மோட்டார் திணறும். நரம்பு காற்றைக் கிழித்துக்கொண்டு சுழல்வதற்கே கணிசமான சக்தி செலவாகிறது. தடிமன் கூடினால் அந்தச் செலவும் கூடும். நீளம் கூடினால் இன்னும் மோசம். கால் பங்கு நீளம் கூடினாலே, காற்றைச் சமாளிக்க வேண்டிய சக்தி ஏறக்குறைய இரண்டரை மடங்காகிவிடும்.

தலையை மறைக்கும் பிளாஸ்டிக் கவசத்தின் ஓரத்தில் ஒரு சின்ன பிளேடு இருப்பது அதனால்தான். மிகுதியாக நீளும் நரம்பை அது தானே நறுக்கிவிடும். புல் அடைத்துக்கொள்கிறது என்று அந்தக் கவசத்தைக் கழற்றி வீசிவிட்டு வேலை செய்பவர்கள் ஏராளம். தெறிக்கிற கல் காலில் படுவது ஒருபுறம். நரம்பு இஷ்டத்துக்கு நீண்டு, மோட்டாருக்குள் சுழலும் சுருளான ஆர்மேச்சர் சூடேறி, வார்னிஷ் கருகுகிற வாடை வருவது இன்னொரு புறம். கார்பன் பிரஷ் பக்கம் பொறி பறந்த பிறகுதான் கருவி என்னிடம் வருகிறது. சிறிய கருவிக்கு ஆர்மேச்சரை மறுபடி சுற்ற ஆகும் கூலியைச் சொன்னால், புதிதே வாங்கிவிடலாமே என்றுதான் பலரும் கேட்கிறார்கள். ஒரு சுருள் நரம்பின் விலை அதற்குப் பக்கத்தில்கூட வராது.

நரம்பைத் தொடுவதற்கு முன்னால் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் நம் ஊர் மின்தடை. வெட்டிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விடும். கை வலிக்கிறதென்று டிரிகரை ரப்பர் பேண்டாலோ சணலாலோ அழுத்திக் கட்டியிருப்பார்கள். அது அப்படியே இருக்கும். சும்மா நிற்கிற நேரத்தில் நரம்பைப் பார்ப்போமே என்று கருவியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திருகுவார்கள். மின்சாரம் எப்போது திரும்பும் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. டிரிகரைக் கட்டுவது எந்த நிலையிலும் கூடாது. பேட்டரிக் கருவி என்றால் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். அணைத்த பிறகும் தலை சில நொடிகள் சுழன்றுகொண்டிருக்கும். முழுதாக நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே கையைக் கொண்டுபோக வேண்டும்.

இனி சுற்றுகிற வேலை. பொறுமையாகச் செய்தால் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

மூடியின் இரு பக்கங்களிலும் அழுத்தும் நாக்குகள் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் மூடி கழன்று வரும். உள்ளே ஸ்பிரிங் இருக்கும் கருவிகளில் அது துள்ளி விழுந்து புல்லுக்குள் தொலைந்துபோகும். ஒரு துணியை விரித்து அதன்மேல் வைத்து வேலை செய்யுங்கள். நம் செம்மண் ஈரப்பட்டு உள்ளே ஒட்டிக் காய்ந்தால் கெட்டித்துவிடும். பழைய பல்துலக்கியால் அதைச் சுரண்டி எடுங்கள். நரம்பு வெளிவரும் துவாரங்களில் சிறிய உலோக வளையங்கள் இருக்கும். அவை விழுந்துவிட்டாலோ பள்ளம் விழத் தேய்ந்துவிட்டாலோ புது நரம்பு போட்டும் பயனில்லை. பிளாஸ்டிக் விளிம்பு அறுபட்டுத் தலையே கெடும்.

நரம்பு இரண்டு பக்கமும் வெளிவருகிற தலை என்றால், வாங்கிய நரம்பை நடுவில் மடிக்கவும். சரிபாதியாக வேண்டாம், ஒரு முனை மற்றதைவிட ஒரு சாண் நீண்டிருக்கட்டும். மடிப்பை ஸ்பூலின் நடுத் தடுப்பில் உள்ள பிளவில் மாட்டுங்கள். ஒரு முனை மேல் பள்ளத்துக்கு, மறுமுனை கீழ்ப் பள்ளத்துக்கு. ஸ்பூலின் மேல் அம்புக்குறி போட்டிருக்கும். இரண்டையும் அதே திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால், நரம்பை நீட்ட ஓடும்போது தலையைத் தரையில் தட்டினாலும் அது வெளியே வராது, அல்லது மொத்தமாக உருவிக்கொண்டு வந்துவிடும்.

சுற்றும்போது இழுத்துப் பிடித்து, ஒரு சுற்றுக்குப் பக்கத்தில் அடுத்த சுற்று படியுமாறு வரிசையாகச் சுற்றுங்கள். ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே ஏறக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் செய்கிற அவசரம்தான் நரம்பின்மேல் எல்லோருக்கும் வெறுப்பு வரக் காரணம். குறுக்கே ஏறிய இடத்தில் நரம்பும் நரம்பும் அதிர்ந்து உரசி, அந்தச் சூட்டில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு எத்தனை முறை தட்டினாலும் வெளியே வராது. நரம்பே சரியில்லை, கம்பியே மேல் என்ற முடிவுக்கு வருவது இந்த இடத்தில்தான். ஸ்பூல் நிறைந்து வழியும்வரை சுற்றுவதும் இதே தொல்லையைத் தரும். விளிம்புக்குச் சில மி.மீ. கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியில் இரு முனைகளையும் விளிம்பில் உள்ள சிறு வெட்டுகளில் செருகி, ஒரு சாண் நீளம் வெளியே விடவும். முனைகளைத் துவாரங்களில் கோத்து, ஸ்பூலை அதன் இடத்தில் வைத்து, இரண்டையும் சற்றுப் பலமாக இழுத்தால் வெட்டுகளிலிருந்து விடுபடும். மூடியை வைத்து அழுத்தும்போது இரு பக்கமும் 'டக்'கென்று கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்திருந்தால் ஓடும்போது மூடி பறக்கும். நடுக் குமிழை அழுத்திக்கொண்டு நரம்பை இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் வேலை முடிந்தது.

நரம்பு வாங்கிய வேகத்தில் முறிந்து முறிந்து விழுகிறது என்றால் பெரும்பாலும் அது காய்ந்துபோன நரம்பு. நைலானுக்குள் இயல்பாகவே சிறிது ஈரம் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மாதக்கணக்கில் தொங்கவிட்டால் அந்த ஈரம் வற்றி நொறுங்கத் தொடங்கும். ஒரு நாள் முழுவதும் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துவிட்டுச் சுற்றுங்கள், பழையபடி துவண்டுகொடுக்கும். ஆனால் நேரடி வெயில் பட்டுப்பட்டு நிறம் வெளுத்த நரம்பைத் தண்ணீர் காப்பாற்றாது.

ஓடும்போது தலையைத் தரையில் மெதுவாகத் தட்டினால் நரம்பு நீளும். சிமெண்டுத் தரையில் ஓங்கி இடிக்க வேண்டியதில்லை. நரம்பு மிகவும் குட்டையாகிவிட்டால் தன்னையே இழுத்துக்கொண்டு வெளியேறும் விசை அதற்கு இருக்காது. அப்போது மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையால் இழுத்துவிட வேண்டும். சுவரோரத்தில் நுனியை மட்டும் லேசாகப் படவிட்டால் நரம்பு நெடுநாள் வரும். சீமைக் கருவேல முளைக்கு இந்தக் கருவி இல்லை, அதற்கு அரிவாள்தான். எலுமிச்சை, முருங்கைக் கன்றுகளின் அடித்தண்டில் நரம்பு படாமல் பாருங்கள். தோல் சுற்றிவர உரிந்துவிட்டால் கன்று காய்ந்துவிடும். பிளந்த பிவிசி குழாய்த் துண்டை அடியில் மாட்டிவைத்தால் கவலையில்லை.

கருவியின் மின் ஒயரை எப்போதும் முதுகுப் பக்கம் போட்டு வேலை செய்யுங்கள். நைலான் நரம்புக்கும் ஒயரின் உறையை அறுக்கும் பலம் உண்டு. ஈரப் புல்லில் நின்றுகொண்டு 230 வோல்ட் கருவியை இயக்க வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று ஒருமுறை எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள்.

கம்பி விஷயத்தில் பலரும் நினைத்தே பார்க்காத ஒன்று மாட்டுத் தீவனம். வெட்டிய புல்லைக் கூட்டி அள்ளி மாட்டுக்குப் போடுவது நம் வழக்கம். மாடு பொறுக்கித் தின்னாது, நாக்கால் சுருட்டி விழுங்கிவிடும். முறிந்த கம்பித் துண்டு அதோடு உள்ளே போனால் இரண்டாம் வயிறான வலைப்பையில் தங்கும். பிறகு அதன் சுவரைக் குத்தித் துளைத்து, உதரவிதானத்தையும் தாண்டி இதயத்தின் உறைவரை செல்லக்கூடும். தீனி எடுக்காமல், முதுகை வளைத்து நின்று, பால் வற்றிப்போகும் மாட்டுக்கு என்ன நோய் என்று தெரியாமலே வைத்தியம் நடந்துகொண்டிருக்கும். நைலான் துணுக்கும் மாட்டுக்கு ஆகாதுதான். புல்வெட்டியால் சுவரோரம் வெட்டிய புல்லைத் தீவனத்தில் சேர்க்காமல் எருக்குழியில் போடுங்கள்.

வேலைக்கு நிற்கும்போது சாரமும் ரப்பர் செருப்பும் வேண்டாம். முழுக்கால் சட்டை, மூடிய காலணி, கண்ணின் பக்கவாட்டையும் மறைக்கிற பாலிகார்பனேட் கண்ணாடி, இவை மூன்றும் வேண்டும். பார்வைக்குப் போடும் கண்ணாடி பாதுகாப்புக்குப் போதாது. குழந்தைகளை 15 மீட்டருக்கு அப்பால் நிறுத்துங்கள்.

அதையும் மீறிக் கண்ணில் ஏதாவது பாய்ந்துவிட்டால் கசக்காதீர்கள். குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடக் கூடாது. தண்ணீர் ஊற்றிக் கழுவவும் கூடாது. காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணை அழுத்தாமல் சுற்றியுள்ள எலும்பின்மேல் படியவைத்து ஒட்டி, உடனே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வலி குறைந்துவிட்டது, பார்வை தெரிகிறது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பொடித் துண்டு சத்தமில்லாமல் கண்ணுக்குள் தங்கியிருக்கலாம். இரும்பாக இருந்தால் அது உள்ளே துருப்பிடித்து விழித்திரையை நாளடைவில் கெடுத்துவிடும். மருத்துவரிடம் புல்வெட்டியில் மாட்டியிருந்தது நைலானா, கம்பியா என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். முடிந்தால் மீதித் துண்டையும் கையோடு எடுத்துப்போங்கள். கண்ணுக்குள் இரும்பு இருக்கும் நிலையில் எம்ஆர்ஐ எடுத்தால் அந்தக் காந்தமே துண்டை நகர்த்திவிடும். எந்தப் படம் எடுப்பது என்று மருத்துவர் முடிவு செய்ய நீங்கள் சொல்லும் அந்த ஒரு வார்த்தை வேண்டும்.