டாரிஃப்: சுங்கமா, தீர்வையா?

மதுரையில் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் உள்ள லாட்ஜ்களில், ரிசப்ஷனுக்குப் பின்னால் ஒரு பலகை தொங்கும். சிங்கிள் இவ்வளவு, டபுள் இவ்வளவு, ஏசி என்றால் இவ்வளவு. மேலே ‘டாரிஃப்’ என்று எழுதியிருக்கும். இந்தச் சொல்லின் பழைய பொருளுக்கு மிக அருகில் இருப்பது அந்தப் பலகைதான். அரபு மொழியில் ‘தஃரீஃப்’ என்றால் தெரியப்படுத்துதல், அறிவிப்பு. மத்தியதரைக் கடல் வணிகத்தில் அது இத்தாலிய மொழிக்குள் நுழைந்து ‘தாரிஃபா’ ஆனது; விலையும் வரியும் எழுதிய பட்டியலைக் குறித்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பட்டியலோடு அதில் எழுதிய வரிக்கும் அதுவே பெயராகிவிட்டது. இன்று செய்திகளில் அடிபடும் டாரிஃப் இந்த இரண்டாவது பொருளில்தான் வருகிறது. நாட்டின் எல்லையைத் தாண்டும் சரக்குக்கு அரசு விதிக்கும் வரி அது.

இந்த வரிக்குத் தமிழில் பெயர் இல்லாமல் இல்லை. உறுபொருள், உல்கு பொருள், தெறுபொருள் மூன்றும் வேந்தன் பொருள் என்கிறது 756ஆம் குறள். உல்கு என்றால் சுங்கம் என்று சொல்லும் பரிமேலழகர், அது ‘கலத்தினும் காலினும் வரும் பண்டங்கட்கு இறையாயது’ என்று விளக்கம் தருகிறார். கப்பலில் வந்தாலும் தரைவழியே வந்தாலும் பண்டத்துக்கு வரி உண்டு என்பது பொருள். இன்றைய சுங்கச் சட்டத்தின் சாரத்தை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். பெரும்பாணாற்றுப்படையில் மிளகு மூட்டை சுமந்த கழுதைச் சாத்து, அதாவது வணிகக் கூட்டம், போகும் வழிக்கு ‘உல்குடைப் பெருவழி’ என்றே பெயர். விளைபொருளுக்கு வழியில் வரி வாங்கியதற்கு இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை.

பிறகு ‘சுங்கம்’ முன்னுக்கு வந்தது. பாலி மொழியில் ‘சுங்க’, வடமொழியில் ‘சுல்க’; உல்கும் இவற்றுக்கு உறவு என்போர் உண்டு. முதலாம் குலோத்துங்கனைச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று வரலாறு அறியும். ஆனால் இன்று மதுரைக்காரரிடம் சுங்கம் என்றால் கப்பலூர் சுங்கச்சாவடிதான் நினைவுக்கு வரும். சாலைக் கட்டணத்துக்கு அந்தச் சொல் போய்விட்டது. சுங்கத்துறை, சுங்க அதிகாரி என்ற வழக்குகள் இருக்கட்டும். வரிக்கு நான் எடுப்பது ‘தீர்வை’.

தீர்வை, ‘தீர்’ என்ற வேரில் பிறந்தது. தீர்ப்பு, தீர்வு, தீர்மானம் எல்லாம் அதன் உறவு. இவ்வளவு கட்டவேண்டும் என்று தீர்த்துச் சொன்ன தொகை தீர்வை. உங்கள் வீட்டுப் பட்டாவை எடுத்துப் பாருங்கள். புன்செய், நன்செய் என்று பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் பரப்பு ஒரு கட்டத்தில், தீர்வை அடுத்த கட்டத்தில் ரூபாய் பைசாவாக இருக்கும். வருவாய்த்துறைக் கணக்கில் ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’ என்று ஒரு நிலவகையே உண்டு. தன் நிலத்துக்குத் தீர்வை கட்டிய சம்சாரிக்கு, வெளிநாட்டுப் பருத்தி தீர்வை இல்லாமல் வருகிறது என்றால் சட்டென்று புரியும். ‘டாரிஃப் ஜீரோ’ என்றால் அது யாருக்கோ நடக்கும் விஷயமாகப் போய்விடும்.

நடப்பது அவருக்குத்தான். 2021 பிப்ரவரியில் பருத்தி இறக்குமதிக்கு இந்தியா 11 விழுக்காடு தீர்வை போட்டது. அடிப்படைத் தீர்வை 5, விவசாயக் கட்டமைப்பு மேல்வரி 5, இந்த இரண்டின் மேல் பத்தில் ஒரு பங்காகச் சமூகநல மேல்வரி 1. கணக்குக்கு, ஒரு கண்டி (356 கிலோ) வெளிநாட்டுப் பருத்தி 50,000 ரூபாய்க்கு வந்து இறங்கினால், மில்லுக்கு 55,500 ஆகும். உள்ளூர்ப் பருத்தி அந்த விலை வரை ஏற இடம் இருக்கிறது. தீர்வையை எடுத்துவிட்டால் அந்த 5,500 ரூபாய் இடம் போய்விடும். திருமங்கலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலம் கேட்கும் வியாபாரி எந்தச் செய்தியையும் எடுத்துச் சொல்ல மாட்டார். குவிண்டாலுக்கு அவர் கேட்கும் தொகையே குறைந்திருக்கும்.

2025இல் அதுதான் நடந்தது. ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை என்று தீர்வையை விலக்கினார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா போட்ட தீர்வை ஆகஸ்ட் 27இல் 50 விழுக்காட்டைத் தொட்டது. அதில் அடிபட்ட ஜவுளி ஏற்றுமதிக்கு மூலப்பொருளாவது மலிவாகக் கிடைக்கட்டும் என்பது கணக்கு. நூல் மில்களின் சிரமமும் உண்மைதான். தமிழ்நாட்டில் விளைவது இங்குள்ள மில்களுக்குக் காணாது. குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா என்று வெளியிலிருந்து வாங்கித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் சேடப்பட்டி, பேரையூர்ப் பக்கத்து மானாவாரிக் கரிசலில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் மாசி வாக்கில்தான் பருத்தி வெடிக்கும். டிசம்பர் வரை தீர்வையில்லாமல் வந்த பொதிகள் குடோனில் கிடக்கும்போது முதல் எடுப்புக்கு என்ன விலை கிடைக்கும்? அங்கே ஒரு அரசு போட்ட தீர்வைக்கு இங்கே ஒரு தீர்வை விலகியது. சுமை கடைசியில் வந்து சேர்ந்தது காட்டில் நிற்பவர் தலையில். இதை நான் நியாயம் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

பணக்கார நாடுகள் தம் விவசாயிக்குக் கஜானாவிலிருந்து நேராக மானியம் தருகின்றன. ஏழை நாட்டிடம் அந்தக் கஜானா இல்லை. அதன் கையில் இருப்பது தீர்வைதான். அதையும் விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹெய்ட்டி சாட்சி. 1995இல் அரிசி மீதான தீர்வையை அந்த நாடு 3 விழுக்காட்டுக்கு இறக்கியது. மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி வந்து குவிந்தது, உள்ளூர் நெல் விவசாயம் நொடிந்தது. தன் மாநிலமான ஆர்கன்சாவின் சில விவசாயிகளுக்கு அது நல்லதாக இருந்திருக்கலாம், ஆனால் அது பிழை என்று 2010இல் அமெரிக்க செனட் குழுவின் முன் பில் கிளின்டனே வருந்தினார்.

விற்கும் நாட்டுக்கோ தீர்வை கூட உதவாது. பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி ஆகிய நான்கு ஆப்பிரிக்க நாடுகள் 2003இல் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டது இதற்காகத்தான். பணக்கார நாடுகளின் பருத்தி மானியம் உலக விலையையே கீழே தள்ளும்போது, ஏற்றுமதியை நம்பிய நாடு தன் எல்லையில் என்ன வரி போட்டுத் தடுக்க முடியும்? பிரேசில் வழக்குப் போட்டு வென்று, 2014இல் அமெரிக்காவிடம் 30 கோடி டாலர் வாங்கியது. அந்த நான்கு நாடுகளுக்கு அப்படி ஒரு தீர்வு வரவில்லை.

சரி, எழுதும்போது இன்னொன்றையும் பிரித்துச் சொல்லவேண்டும். இதற்குமேல் போகமாட்டேன் என்று ஒரு நாடு உலக வர்த்தக அமைப்பில் ஒப்புக்கொண்டது ‘உச்சவரம்புத் தீர்வை’. துறைமுகத்தில் உண்மையில் வாங்குவது ‘நடப்புத் தீர்வை’. பாமாயிலுக்கு இந்தியாவின் உச்சவரம்பு 300 விழுக்காடு, சோயா எண்ணெய்க்கு 45 மட்டுமே. நடப்போ வேறு. சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்களுக்கு அடிப்படைத் தீர்வை 2024 செப்டம்பரில் 20 ஆனது, 2025 மே கடைசியில் 10க்கு இறங்கியது. சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில், உசிலம்பட்டிக் கடலைக்கு விலை சொல்வதில் இந்த எண்ணுக்கும் பங்கு உண்டு.

அப்புறம், தீர்வை என்றாலே இறக்குமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023 ஆகஸ்டில் வெங்காயத்துக்கு அரசு போட்ட 40 விழுக்காடு ‘ஏற்றுமதித் தீர்வை’. வெளியே போவதைத் தடுத்து உள்ளூரில் விலையை இறக்குவது அதன் வேலை. ஆகவே செய்தியில் எழுதும்போது இறக்குமதித் தீர்வை, ஏற்றுமதித் தீர்வை என்று முழுப்பெயரையும் போட்டுவிடுங்கள்.