மார்க்கிராஃப்: 'பிரபு' என்று எழுதினால் போதுமா?

ஐரோப்பிய இடைக்கால வரலாற்றைத் தமிழில் எழுதும்போது டியூக், கவுன்ட், மார்க்கிராஃப் எல்லாரையும் 'பிரபு' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். மற்றவர்கள் எப்படியோ, மார்க்கிராஃபுக்கு அது பொருந்தாது.

ஜெர்மன் மொழியில் 'கிராஃப்' என்பவர் மன்னர் சார்பில் ஒரு வட்டாரத்தை ஆண்டவர். 'மார்க்' என்றால் எல்லைப்புறம்; அதை ஆண்ட கிராஃப்தான் மார்க்கிராஃப். டென்மார்க்கின் வாலில் இருப்பதும் இதுவே. ஆங்கிலத்தில் இந்த வேர் அடையாளத்தையும் குறித்தது. பிள்ளைகள் தேர்வில் வாங்கும் மார்க்குக்கும் அதுதான் பூர்வீகம்! மார்க்கிராஃபை லத்தீனில் 'மார்க்கியோ' என்றார்கள், பிரெஞ்சில் 'மார்க்கி'.

அந்தப் பதவி எப்படிப்பட்டது என்பதற்குக் பத்தாம் நூற்றாண்டு மார்க்கிராஃப் கேரோ ஒருவர் கதை போதும். சாக்சனியின் கிழக்கு எல்லையைக் காத்த அவருடைய அண்ணன் சீக்ஃபிரீட் 937இல் இறந்ததும், ஜெர்மன் மன்னர் முதலாம் ஓட்டோ அந்தப் பொறுப்பைக் கேரோவிடம் கொடுத்தார். அது தனக்கே வரும் என்று காத்திருந்த தாங்க்மார் (மன்னரின் தந்தைக்கு முதல் மனைவியிடம் பிறந்த மகன்) கலகம் செய்து, மறு ஆண்டே கொல்லப்பட்டார். எல்பே ஆற்றுக்கு அப்பால் ஸ்லாவியர் நாடு. அவர்களின் தலைவர்கள் முப்பது பேரைக் கேரோ விருந்துக்கு அழைத்து, மது மயக்கத்தில் இருந்தபோது கொன்றார் என்று அக்காலத் துறவி விடுகிண்ட் எழுதியிருக்கிறார். தன்னைக் கொல்லச் சதி செய்தவர்களை முந்திக்கொண்டாராம். எழுதியவர் சாக்சனியர் என்பதையும் மறக்கக் கூடாது.

959இல் கேரோவின் மகன் இறந்தான். அவனுக்கும் அண்ணன் பெயர்தான். கேரோ கெர்ன்ரோடே என்ற ஊரில் ஒரு பெண்கள் மடம் கட்டி, விதவையான மருமகள் ஹாத்துவியை அதற்குத் தலைவியாக்கினார். 965இல் வாரிசின்றி இறந்த கேரோவை அங்கேதான் புதைத்தார்கள். அவர் ஆண்ட மார்க் பல துண்டுகளானது. வடக்குத் துண்டுதான் பின்னாளில் பிராண்டன்பர்க்.

தமிழில் என்ன சொல்வது? 'எல்லைக் கோமான்' தவறில்லை. ஆனால் எல்லை என்றதும் நமக்கு ஒரு கோடுதான் தோன்றுகிறது. மார்க் கோடல்ல, சண்டை ஓயாத அகன்ற நிலம். அதற்குப் பழந்தமிழில் 'முனை' இருக்கிறது. போர்முனையில் இன்றும் அதைச் சொல்கிறோம். 'முனையரையர்' என்றே வைக்கலாம்தான்; ஆனால் அது திருமுனைப்பாடியை ஆண்டவர்களின் பெயர், சுந்தரரை வளர்த்த நரசிங்க முனையரையர் நினைவுக்கு வந்துவிடுவார். எனவே நான் 'முனைக்கோமான்' என்று எழுதுகிறேன். மார்க்கிராஃபின் மனைவி ஜெர்மனில் 'மார்க்கிரேஃபின்'; தமிழில் முனைக்கோமாட்டி.