வங்கிக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே அம்மா

அம்மாவின் பழைய ரிப்போர்ட்டைத் தேடி அந்த மகள் கைப்பையைக் கிளறியபோது ஒரு துண்டுச் சீட்டு என் மேஜையில் விழுந்தது. வங்கி, கரண்ட் பில், பையனின் ஷூ, தையல்காரர், அம்மா, மருந்துக்கடை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக். நான் பார்த்துவிட்டதைக் கவனித்ததும் சீட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். முகம் வாடிவிட்டது.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்று அப்போதே சொன்னேன். வேலை, பிள்ளைகள், வீடு என்று ஓடுகிறவர்கள் அம்மாவையும் அந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் பார்க்க முடியும். என் கவலை வேறு. கிடைக்கிற அந்த அரை மணி நேரத்தில் அங்கே எதைப் பார்க்கிறோம்?

"போன வாரம்கூடப் போனேன் டாக்டர், நல்லாத்தான் பேசினாங்க." முதியோர் மருத்துவத்தில் இதை அநேகமாகத் தினமும் கேட்கிறேன். உண்மைதான், நன்றாகவே பேசுவார்கள். வந்தவரை வா என்பது, நலம் விசாரிப்பது, சிரித்துச் சமாளிப்பது எல்லாம் ஒரு ஆயுள் காலத்துப் பழக்கம். நினைவு தேய ஆரம்பித்தபிறகும் அது வெகுநாள் தாங்கும். "பிள்ளைங்க எப்படி இருக்காங்க?" என்று அம்மா கேட்டால் நமக்கு மனம் குளிர்ந்துவிடும். பிள்ளைகளின் பெயர் அந்தக் கேள்வியில் இல்லை என்பது தெரிவதில்லை.

அந்த அம்மாவிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டேன். "வீட்டிலேயே இருக்கறவளுக்கு எல்லாக் கிழமையும் ஒண்ணுதானே" என்றார். மகளும் சிரித்தார், நர்சும் சிரித்தார். பதில் மட்டும் வரவில்லை. அடுத்த கேள்விக்கு அவர் தலை மெல்ல மகள் பக்கம் திரும்பியது. அதற்கடுத்த கேள்விக்கும் அப்படியே. பதிலுக்கு இன்னொருவர் முகத்தைத் தேடும் இந்தத் திரும்பலை நாங்கள் தனியாகக் குறித்துக்கொள்வோம். வீட்டில் பல மாதமாக நடந்துகொண்டிருக்கும், அது உதவியாகத் தெரியுமே தவிர அறிகுறியாகத் தெரியாது.

"வயசானா மறதி வரும்தானே?" என்பது அடுத்த கேள்வி. கொஞ்சம் வரும். தெரிந்தவர் ஒருவரின் பெயர் வாய்க்கு வராமல் நின்று, சாயங்காலம் தானாக வந்துவிட்டால் அது வயது. ஆனால் பத்து நிமிடத்துக்கு முன் பேசிய விஷயத்தை, கோடி காட்டினாலும் எடுக்க முடியவில்லை என்றால் அதை வயதின் கணக்கில் எழுதக் கூடாது. ஜெர்மனியில் அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் 1901இல் பார்க்கத் தொடங்கிய மறதி நோயாளி 51 வயதுப் பெண். அந்தப் பெண் இறந்தபிறகு மூளையை ஆராய்ந்து, 1906இல் அல்சைமர் விவரித்த நோய்தான் இன்று அவர் பெயரில் இருக்கிறது. நோய் வயதோடு கூடுகிறது, ஆனால் வயதே நோயில்லை.

அந்த நோயில் பொதுவாக முதலில் அடிபடுவது மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி. புதிதாக நடப்பதைப் பதிந்துவைக்கிற இடம் அது. பழையவை ஏற்கெனவே வேறு இடங்களில் ஊன்றியிருக்கும். அதனால்தான் நாற்பது வருடத்துக்கு முந்தைய சண்டையை வரிக்கு வரி சொல்லும் அம்மா, காலையில் குளித்தாரா என்று சொல்ல முடியாமல் நிற்கிறார். இதைப் பார்த்து "வேணும்னே பண்றாங்க" என்று சொல்பவர்கள் நிறைய. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். ஒரே கேள்வியை ஏழாவது முறை கேட்கும்போதும் அவருக்கு அது முதல் முறைதான்.

சரி, அம்மா சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்றால் எதைப் பார்ப்பது? வீட்டைப் பாருங்கள். பிரிக்காமல் சேர்ந்திருக்கும் கடிதங்கள், ஒரே பொருளை நாலு முறை வாங்கி அடுக்கியிருப்பது, அடிப்பிடித்துக் கருகிய பாத்திரம், போன முறை பார்த்த அதே உடை, காய்ந்தே கிடக்கும் குளியலறை. எல்லாவற்றுக்கும் மேலாக, மாத்திரை.

அந்த மகளிடம் வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், காலி அட்டைகள் உட்பட, ஒரு பையில் அள்ளிக்கொண்டு வரச் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தோம். ரத்த அழுத்தத்துக்கான ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் இருந்தது. இரண்டையும் வேறு வேறு என்று நினைத்துத் தினமும் போட்டிருக்கிறார். முதல் தேதி வாங்கிய 30 மாத்திரை, நாங்கள் எண்ணிய நாள் 18. பன்னிரண்டு மிச்சம் இருக்க வேண்டும், மூன்றுதான் இருந்தன. போட்டது மறந்து மறுபடி போட்டிருக்கிறார். காலையில் எழுந்ததும் தலை சுற்றுகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார் என்று சொன்னதன் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. பையின் அடியில் ஒரு தூக்க மாத்திரை அட்டை. யாரோ தெரிந்தவர் நல்லெண்ணத்தோடு கொடுத்தது. மகள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தூக்க மாத்திரை முதியவர்களின் நினைவை மங்கச் செய்யும். சளிக்கும் அரிப்புக்கும் வாங்கிப் போடும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகளும் அப்படித்தான். நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையை அவை தடுக்கின்றன. ஆனால் பல நாள் போட்டுவந்த தூக்க மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மறதி என்றதும் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று பரிசோதனையே வேண்டாமென்று விடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு ஆகியவை நினைவைப் பாதிக்கும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சர்க்கரைக்குப் பல வருடம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு. மனச்சோர்வு முதுமையில் மறதியின் உருவத்தில் வரும். காது சரியாகக் கேட்காதவருக்கு, நாம் மறந்துவிட்டார் என்று நினைக்கும் விஷயம் காதில் விழுந்தே இருக்காது. கீழே விழுந்து சில வாரம் கழித்துக் குழப்பம் வந்தால் மண்டைக்குள் மெல்லக் கசிந்த ரத்தமாக இருக்கலாம். அப்புறம் இதை மட்டும் மறக்க வேண்டாம்: நேற்றுவரை ஓரளவு சரியாக இருந்தவர் ஓரிரு நாளில் தடுமாறிப் பேசுகிறார், இருந்த இடத்திலேயே மயங்கிக் கிடக்கிறார் என்றால் அது அவசரம். சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று போன்றவை காய்ச்சலே காட்டாமல் அப்படி வரும். அன்றே கூட்டி வாருங்கள்.

இன்னொன்று, வீட்டுக்குள் நுழைந்ததும் தேர்வு வைப்பது. "நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்?" பாசத்தில்தான் கேட்கிறோம். பதில் தெரியாமல் அந்த முகம் தவிப்பதைப் பக்கத்திலிருந்து பல முறை பார்த்திருக்கிறேன். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்குச் சோகமான காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். சில நிமிடத்திலேயே பார்த்ததில் பெரும்பகுதி மறந்துபோயிற்று. அந்தக் காட்சிகள் எழுப்பிய உணர்வு மட்டும் அதற்குப் பிறகும் அவர்களிடம் தங்கியிருந்தது. நீங்கள் வந்துபோனது அம்மாவுக்கு மறந்துபோகலாம். திட்டிவிட்டுப் போயிருந்தால் அந்தக் கனம் ஏனென்று தெரியாமலே அவரிடம் இருக்கும். அதனால் கதவருகிலேயே "அம்மா, நான்தான்" என்று பெயரையும் சொல்லிக்கொண்டு போங்கள்.

முடிந்தால் காலையில் போங்கள். பொழுது சாயச்சாயக் குழப்பமும் பதற்றமும் கூடுவது இந்த நோயில் சகஜம். எல்லா வேலையையும் முடித்துக்கொண்டு, நீங்களும் களைத்துப்போய் மாலையில் போய் நின்றால் இருவருக்குமே கஷ்டம். வங்கி, கையெழுத்து, சிகிச்சை தொடர்பான முடிவுகளை அவர் தெளிவாகப் பேச முடிகிற இப்போதே, அவரையே கேட்டுச் செய்துவிடுங்கள்.

அந்த அம்மாவுக்கு மாத்திரைகளைக் குறைத்துச் சீராக்கினோம். நாள்வாரியாகப் பிரித்த டப்பா ஒன்று வந்தது. தினமும் காலையில் மகள் போன் செய்து, அம்மா மாத்திரையை விழுங்கும்வரை பேசிக்கொண்டே இருப்பார். மூன்று மாதத்தில் தலைசுற்றல் நின்றது, பகல் தூக்கம் குறைந்தது, நடையில் தெம்பு வந்தது. மறதி முழுவதும் போகவில்லை. ஸ்கேனிலும் மற்றப் பரிசோதனைகளிலும் ஆரம்பநிலை அல்சைமர் என்று தெரிந்தது, அதற்கான மருந்தையும் தொடங்கியிருக்கிறோம். அது நோயை நிறுத்தாது, அன்றாட வேலைகளைக் கொஞ்ச காலம் தாங்கிப்பிடிக்கும் என்பதையும் மகளிடம் மறைக்காமல் சொன்னேன்.

போன முறை வந்தபோது அம்மா மகள் பக்கம் திரும்பி, "நீ எப்ப வந்தே?" என்றார். இருவரும் சேர்ந்துதான் வந்திருந்தார்கள். "இப்பத்தாம்மா" என்று சொல்லி, மகள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.