பீரங்கிக்கு ஈடுகொடுத்த மதில்: ரோட்ஸ் அகழிக்குள் ஒரு நடை

கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவுக்குப் போகிறவர்கள் பழைய நகரத்தின் கடைத்தெருவையும் அரண்மனையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் இறங்க வேண்டிய இடம் அகழி. பாறையைக் குடைந்து வெட்டிய வறண்ட பள்ளம் அது. தண்ணீர் நிரப்புவதற்காக வெட்டப்பட்டதல்ல. இன்று புல் வளர்ந்த நடைபாதையாக இருக்கிறது, கட்டணமும் கிடையாது. வழியெங்கும் உருண்டையான கல் குண்டுகள் கிடக்கின்றன. சிலவற்றை ஒற்றை ஆளால் அசைக்கவே முடியாது. பீரங்கிகள் எறிந்தது இத்தகைய குண்டுகளைத்தான்.

1309 முதல் இந்த நகரம் செயின்ட் ஜான் சபை என்ற கிறித்தவ அமைப்பின் போர்த்துறவிகள் (போர்வீரர்களாகவும் இருந்த துறவிகள்) கையில் இருந்தது. அந்தக் காலத்து மதிலுக்கு ஒரே இலக்கணம்தான்: உயரம். ஏணி எட்டக் கூடாது, அவ்வளவுதான். பீரங்கி வந்ததும் அந்த உயரமே எமனாகிவிட்டது. அடிப்பகுதியில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் போதும், மேலே இருக்கும் எடையே மதிலைச் சாய்த்துவிடும்.

குண்டு மோதும்போது கல்லுக்குள் நடப்பது இன்னும் சுவாரசியமானது. கேரம் காய்களை ஒட்டி வரிசையாக வைத்து முதல் காயை அடித்தால் கடைசிக் காய் மட்டும் தெறித்து ஓடுமே, அதேதான். மோதலில் பிறக்கும் அழுத்த அலை மதிலின் கனத்தைக் கடந்து பின்பக்கம் போய்ச் சேர்கிறது. அங்கே வெறும் காற்று. அலை தப்பிக்க வழியில்லாமல் இழுவிசையாக மாறித் திரும்புகிறது. கல் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசையை அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். அதனால் அடி விழுவது முன்பக்கத்தில் என்றாலும் பின்பக்கத்துக் கல்லும் பிளந்து உதிர்கிறது.

சரி, பின்னால் காற்றுக்குப் பதில் மண் இருந்தால்? அலையில் பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விடும். மண் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து அந்த ஆற்றலை வெப்பமாகக் கரைத்துவிடும். ரோட்ஸில் செய்தது இதைத்தான். 1480-இல் ஒட்டோமான் படை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது. அடுத்த ஆண்டே நிலநடுக்கம். அதன் பிறகு சபைத் தலைவர் பியர் தோபுஸோன் மதிலை உட்பக்கமாகக் கனமாக்கினார். சில இடங்களில் கனம் 12 மீட்டர் வரை போகிறது. மதிலின் மேல் நடக்கும்போது ஒரு சாலையில் நடப்பது போலவே தெரியும்.

அகழியையும் அகலப்படுத்தினார்கள். வெட்டியெடுத்த கல்லே மதிலுக்குப் பயன்பட்டது. ஆனால் முக்கியமான பலன் வேறு. நகரத்துக்கு வெளியே சாலையில் நின்று பாருங்கள், மதில் குட்டையாகத் தெரியும். அகழிக்குள் இறங்கினால்தான் முழு உயரம் புரியும். பீரங்கிக்காரனுக்கும் இதே கதிதான். அகழியின் வெளிக்கரை பார்வையை மறைப்பதால், அவன் அடிக்க விரும்பும் அடிப்பகுதி அவனுக்குத் தெரியவே தெரியாது. அம்புவாஸ் வாயில் வழியாக உள்ளே நுழையும்போதும் வழி நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போவதைக் கவனியுங்கள். வெளியிலிருந்து நேர்கோட்டில் சுடுபவருக்கு உள்கதவு அகப்படாது.

1522-இல் ஒட்டோமான் சுல்தான் சுலைமான் பெரும்படையோடு வந்தார். மேலே இவ்வளவு பாதுகாப்பு இருந்ததால் அவருடைய ஆட்கள் கீழே போனார்கள். மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, வெடிமருந்தை அடைத்துக் கொளுத்துவது திட்டம். இங்கேதான் கப்ரியேலே தாதினி வருகிறார், வெனிஸ் அரசிடம் வேலை பார்த்த பொறியாளர். தோலை இழுத்துக் கட்டிய பறைகளில் சின்னச் சின்ன மணிகளைக் கோத்து வைத்தார். பாறையில் கடப்பாரை விழும் ஒவ்வொரு முறையும் அதிர்வு பரவுகிறது. காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். பாறையில் அதைவிடப் பல மடங்கு வேகம். காதுக்கு எட்டாத அந்த அதிர்வில் விறைப்பான தோல் நடுங்கும், மணி கிணுங்கும். உடனே அந்தத் திசையில் எதிர்ச்சுரங்கம் தோண்டி எதிரியின் சுரங்கத்தைப் பிடித்துவிடுவார்கள். இன்றைய நிலஅதிர்வுக் கருவியும் நிலத்தின் வழியே வரும் அதிர்வைத்தான் பிடிக்கிறது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்குப் புல்லரித்தது.

தாதினி இன்னொன்றும் செய்தார். மதிலிலிருந்து முன்னே துருத்தி நிற்கும் கொத்தளத்தின் ஊடாகக் காற்றுத் துளைகளைக் குடைந்தார். வெடிமருந்தின் பலம் அது அடைபட்டுக் கிடப்பதில்தான் இருக்கிறது. வாயு வெளியேற வழி கிடைத்தால் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும்.

எல்லாச் சுரங்கமும் சிக்கவில்லை. செப்டம்பர் 4 அன்று, சபையின் இங்கிலாந்துப் பிரிவினர் காவல் காத்த கொத்தளத்தின் கீழ் வெடித்த சுரங்கம் சுமார் 11 மீட்டர் மதிலைத் தகர்த்தது. இடிபாடு அகழியில் சரிந்து, எதிரி ஏறிவரப் பாதையே போட்டுக் கொடுத்தது. உள்ளே இருந்தவர்கள் அந்தத் தாக்குதலைக்கூட விரட்டிவிட்டார்கள். டிசம்பர் வரை தாக்குப்பிடித்தார்கள்; அப்புறம் ஆளும் வெடிமருந்தும் தீர்ந்துபோனதால் உடன்படிக்கைக்கு வந்தார்கள். 1523 ஜனவரி 1 அன்று போர்த்துறவிகள் கப்பலேறினார்கள்.