ஆமை ஓட்டைத் தொட்டால் ஆமைக்குத் தெரியும்

மழை விட்ட மறுநாள் காலை, ஓர் இளைஞர் அட்டைப்பெட்டியில் நட்சத்திர ஆமை ஒன்றைக் கொண்டுவந்தார். புதர்க்காட்டை ஒட்டிய சாலையில் வண்டி ஏறிவிட்டதாம். ஓட்டின் பின்விளிம்பில் விரல் நீளத்துக்கு விரிசல். வரும் வழியிலேயே கடையில் பசை வாங்கி ஒட்டியிருந்தார். "ஓடுதானே டாக்டர், உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்றார். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் மண்ணும் கிருமியும் உள்ளேயே அடைபட்டுவிட்டன. பசையைச் சுரண்டி எடுத்த பிறகுதான் காயத்தையே பார்க்க முடிந்தது.

நத்தை ஓடு, நண்டு ஓடு, ஆமை ஓடு என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நத்தைக்கும் நண்டுக்கும் எலும்பே கிடையாது. நண்டு வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிடும். ஆமையோ மீன், தவளை, கோழி, மனிதர் போல முதுகெலும்புள்ள உயிர். அதன் முதுகெலும்பும் விலா எலும்புகளும் அகன்று, பிணைந்து உருவானதுதான் மேல் ஓடு. அதை விட்டு ஆமை வெளியே வரவே முடியாது.

எக்ஸ்ரே படத்தை அந்த இளைஞரிடம் காட்டினேன். ஓட்டின் நடுக்கோட்டில், உட்புறமாக ஒட்டிக்கொண்டு முதுகெலும்பு வரிசையாகப் போகிறது. நமக்கு விலாக்கூட்டுக்கு வெளியே இருக்கும் தோள்பட்டை எலும்பு, ஆமைக்குக் கூட்டுக்கு உள்ளே இருக்கிறது. விலா அசையாததால் மூச்சு விடும்போது நம்மைப் போல நெஞ்சு விரியாது. உள்ளிருக்கும் தசைகள்தான் நுரையீரலை இயக்குகின்றன. ஓட்டின் மேலே தெரியும் நட்சத்திரக் கோலம் நம் நகம் போன்ற மெல்லிய தகடு. அதற்கு அடியில் ரத்தமும் நரம்பும் ஓடுகிற உயிருள்ள எலும்பு. விளிம்பில் துளை போட்டுக் கயிறு கட்டுகிறார்களே, அது எலும்பில் போடும் துளை. ஆமைக்கு வலிக்கும்.

சட்டத்துக்கு மாறாக வீட்டில் அடைத்து, வெயில் காட்டாமல் சோறும் ரொட்டியும் போட்டு வளர்த்த ஆமைகளையும் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்புச் சத்து இல்லாமல், விரலால் அழுத்தினால் ஓடு அமுங்கும்.

அடிபட்ட ஆமை கண்ணில் பட்டால் பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் காயத்தை மூடி, ஈ மொய்க்காமல் பெட்டியில் வையுங்கள். நட்சத்திர ஆமையைத் தண்ணீரில் விடாதீர்கள், அதற்கு நீந்தத் தெரியாது. அப்புறம் உடனே கால்நடை மருத்துவருக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். ஓட்டின் விரிசல் கூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், ஆனாலும் கூடும்.

இந்த ஆமைக்கு விரிசல் நடுக்கோட்டை எட்டவில்லை. பின்காலைத் தொட்டதும் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. தண்டுவடம் தப்பியிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. கட்டுப் போட்டு வனத்துறையிடம் ஒப்படைத்தோம்.